ஃபிரேம் கடைக்காரர் பேசிய காலை

ஃபிரேம் கடைக்காரர் வாயைத் திறந்து பேச ஆரம்பித்த அன்று நாங்கள் கைதட்டினோம். மனுஷன் செத்துக்கொண்டிருந்தார், நாங்கள் கைதட்டிக்கொண்டிருந்தோம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துவிட்டுக் கடைசியில் குண்டைத் தூக்கிப் போடுகிற பழக்கம் எனக்கு இல்லை. அத்தனை பேரில் அதைக் கண்டுபிடித்தவள் என் அண்ணி ஒருத்திதான். அதனால் அவளைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும்.

அண்ணி என்றால் என் கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. அவளும் அவள் நாத்தனாரான நானும் சேர்ந்து ஸ்க்ரீன் கடை நடத்துகிறோம். கதவுக்கும் ஜன்னலுக்கும் அளவெடுத்து, துணி வெட்டி, தைத்து, மாட்டிக் கொடுக்கிற கடை. அவள் வெட்டுவாள், நான் தைப்பேன். துணியை மட்டுமில்லை, பேச்சையும் அளந்துதான் வெட்டுவாள். நான் அப்படி இல்லை என்பது இதற்குள் தெரிந்திருக்கும்.

என் அண்ணன் அதே கடையில், தையல் மிஷினில் உட்கார்ந்தபடியே போனான். மாரடைப்பு. அதற்குப் பிறகு டாக்டர் அண்ணியைச் சோதித்துவிட்டு, ரத்த அழுத்தம் ஏறிக் கிடக்கிறது, தினமும் நடக்காவிட்டால் அடுத்தது நீங்கள்தான் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். தனியாக நடக்க அவளுக்குக் கூச்சம். என்னைக் கூப்பிட்டாள். விடியற்காலையில் எழுந்து ரோட்டை அளக்க எனக்கென்ன தலையெழுத்தா என்று மறுத்துவிட்டேன். சரி என்று சொல்லிவிட்டுத் தெருவில் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினாள்.

"நாள் பூரா உக்காந்தே கெடக்கோம். கஸ்டமர் வந்தாத்தான் எந்திரிக்கிறோம். கடை திறக்கறதுக்கு முன்னால எல்லாரும் சேர்ந்து நடந்தா என்ன?" இதைத்தான் எல்லாக் கடையிலும் கேட்டாள்.

டயர் கடைக்காரர் இருட்டில் மின்னுகிற மேல்சட்டைகள் வாங்கிக் கொடுத்தார். மருந்துக்கடைத் தம்பி வாரம் ஒருமுறை எல்லோருக்கும் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துச் சொல்வதாக ஏற்றுக்கொண்டான். பேக்கரிக்காரர் பக்கவாட்டுக் கதவைச் சீக்கிரமே திறந்து வைத்தார். கழிப்பறைக்குப் போகலாம், தண்ணீர் பிடித்துக்கொள்ளலாம், சூடாக ஒரு பன்னும் டீயும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். கடைக்காரர்களைப் பார்த்துத் தெருவில் குடியிருப்பவர்களும் சேர்ந்தார்கள். கடைசியில் நானும் சேர்ந்தேன். ஊரே நடக்கும்போது நான் மட்டும் படுத்துக் கிடந்தால் என்னைப் பற்றித்தானே பேசுவார்கள்.

நடைக்கு அண்ணி ஒரு சட்டம் வைத்திருந்தாள். கிளினிக் நர்ஸ் அவளுக்குச் சொன்னது அது. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அந்த வேகம்தான் உடம்புக்கு நல்லதாம். அதனால் அண்ணி எப்போதும் கடைசி ஆளாக நடப்பாள். அந்த இடத்துக்கு வால் என்று பெயர். வாலுக்குப் பின்னால் யாரும் இருக்கக்கூடாது. யாருக்காவது மூச்சு வாங்குகிற மாதிரி தெரிந்தால் பின்னாலிருந்து ஒரு கேள்வி கேட்பாள். நேற்று ராத்திரி தூங்கினீர்களா, பேரன் காய்ச்சல் எப்படி இருக்கிறது, இப்படி ஏதாவது. முழுதாகப் பதில் சொல்ல வேண்டும். பாதியில் மூச்சு முட்டினால் மொத்தக் கூட்டமும் வேகத்தைக் குறைக்கும். என் முறை வரும்போது நான் சொல்லும் பதில் முடிவதற்குள் பாதித் தூரம் போய்விடும் என்று கேலி செய்வார்கள்.

இந்தச் சட்டத்துக்கு அடங்காத ஒரே ஆள் ஃபிரேம் கடைக்காரர். படங்களுக்குக் கண்ணாடியும் சட்டமும் போட்டுக் கொடுப்பவர். எதைக் கேட்டாலும் "உம்" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது. சண்டை போட்டுக்கொண்டு தாய்வீட்டுக்குப் போன மனைவி, போன இடத்தில் காய்ச்சல் கண்டு அங்கேயே இறந்துவிட்டாள். அன்றிலிருந்து இப்படித்தான் என்பார்கள். பிள்ளைகுட்டி இல்லை. பேக்கரிக்காரர் அவருக்கு உம்மண்ணன் என்றே பெயர் வைத்துவிட்டார். தினமும் அவர் வாயைக் கிளறுவது கூட்டத்துக்கு ஒரு விளையாட்டு. சினிமா, அரசியல், கிரிக்கெட் என்று எதைப் போட்டுப் பார்த்தாலும் கல்லைக் கிள்ளின கதைதான். அண்ணி மட்டும் விட்டுவிட்டாள். "அவர் உம்முன்னு சொல்றதுலயே மூச்சு தெரியுது. அது போதும்" என்றாள்.

அவருக்குச் சர்க்கரை வியாதி உண்டு, காலையில் இன்சுலின் போட்டுக்கொள்வார் என்பது எல்லோருக்கும் தெரியும். மருந்துக்கடை வாசலில் வைத்துத்தானே பரிசோதனை. தெரியாதது ஒன்று இருந்தது. ஊசி போட்டுக்கொண்டு வருகிறவருக்குப் பேக்கரிப் பன்தான் காலைச் சாப்பாடு. தனி ஆளுக்கு வீட்டில் யார் அடுப்பு மூட்டுவது? பேக்கரிக்காரருக்கே இது தெரியாது. வருகிற எல்லோரையும் போல இவரும் ஒரு பன் எடுக்கிறார் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

அன்றைக்குப் பேக்கரி அடுப்பு பழுது. பழுது பார்க்க ஆள் வருவதற்குப் பத்து மணியாகும் என்பதால் பேக்கரிக்காரர் கதவைத் திறக்கவே இல்லை. அடுப்பு வேலை இல்லாத குஷியில் எங்களோடு நடக்க வந்துவிட்டார். "இன்னிக்கு டீயும் கிடையாது, பன்னும் கிடையாது. நான்தான் ஸ்பெஷல்" என்று மேல்சட்டையை மாட்டிக்கொண்டு முன்னால் நின்றார். எல்லோரும் சிரித்தோம். ஃபிரேம் கடைக்காரர் பூட்டியிருந்த கதவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வரிசையில் வந்து நின்றார். பசிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல மாட்டாரே.

குளிர் காலம். பனி இன்னும் விலகவில்லை. கிடங்குத் தெரு வழியாகப் போய், லாரிகள் போகிற பெரிய ரோட்டைத் தொட்டுத் திரும்புவது எங்கள் வழி. கிடங்குத் தெருவில் அந்த நேரத்தில் ஒரு கடை திறந்திருக்காது. இரண்டு பக்கமும் நீளச் சுவர்தான்.

பாதித் தெருவில் ஃபிரேம் கடைக்காரர் திடீரென்று சிரித்தார்.

"டேய் பேக்கரி, உன் வயித்தைப் பாருடா. மாவு பிசையறியா, மாவைத் தின்றியா?" என்றார்.

ஒரு நிமிஷம் எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு பேக்கரிக்காரர் நடுரோட்டிலேயே ஆட்டம் போட்டார். "பேசிட்டார்யா, உம்மண்ணன் பேசிட்டார்." எல்லோரும் கைதட்டினோம். நானும்தான் பலமாகத் தட்டினேன், பொய் சொல்வானேன். இத்தனை நாள் கூட நடந்ததற்குப் பலன் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். அவர் நிறுத்தவில்லை. டயர் கடைக்காரரின் நடையைப் பழித்துக் காட்டினார், சின்ன வயதில் ஆற்றில் நீந்தினதைச் சொன்னார், எதற்கோ கையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார். ஒரு கதை முடியுமுன் அடுத்தது.

அண்ணி பின்னாலிருந்து கூப்பிட்டாள். "அண்ணே, காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"நான் ராஜா மாதிரி சாப்பிடுவேன். நீ யாரு கேக்கறதுக்கு?"

கூட்டம் இன்னும் பலமாகச் சிரித்தது. அண்ணி சிரிக்கவில்லை. வேகமாக அவர் பக்கத்தில் வந்தாள். வால் தன் இடத்தை விட்டு முன்னால் வந்து அன்றுதான் பார்க்கிறேன். "சட்டையைப் பாருங்க" என்றாள். அப்போதுதான் நானும் பார்த்தேன். குளிரில் எங்கள் வாயிலிருந்தெல்லாம் புகை வந்துகொண்டிருந்தது, அவர் சட்டை முதுகில் நனைந்து ஒட்டிக் கிடந்தது. கண்ணாடி வெட்டுகிற கை. ஒரு நூல் பிசகாத கை அது. அந்தக் கை வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது.

"நிறுத்துங்க. யாரும் நடக்காதீங்க" என்றாள் அண்ணி.

பேக்கரிக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னக்கா நீங்க. இப்பத்தான் மனுஷன் வாயத் தொறந்து நாலு வார்த்தை பேசறார். அதையும் கெடுக்கணுமா?"

"அவர் பேசல. சர்க்கரை எறங்கிருச்சு, அந்த உளறல் இது. ஊசி போட்டுட்டு வெறும் வயித்தோட வந்திருக்கார். உங்க கதவு இன்னிக்குத் திறக்கல, அதையே பாத்துட்டு நின்னார்."

பேக்கரிக்காரரின் முகம் செத்துப்போனது. அதற்குள் ஃபிரேம் கடைக்காரர் எங்களை விட்டுவிட்டுப் பெரிய ரோட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்திருந்தார். கால்கள் அகல அகலமாக விழுந்தன. டயர் கடைக்காரர் ஓடிப்போய்த் தோளைப் பிடித்தார். அவர் ஒரு உதறு உதறினார், டயர் கடைக்காரர் சுவரில் போய் மோதினார். ரோட்டில் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அண்ணி அவர் முன்னால் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றாள். நின்றபடியே என்னைப் பார்த்து, "தம்பிக்குப் போன் போடு" என்றாள். போட்டேன். மருந்துக்கடைத் தம்பி தூக்கக் குரலில் எடுத்து, விஷயத்தைக் கேட்டதும் தெளிவாகிவிட்டான்.

"இனிப்பா எதாவது குடிக்கக் குடுங்க. ஜூஸ், கலர் சோடா, எதுன்னாலும் சரி. முழுங்க முடியற வரைக்கும்தான்க்கா டைம். மயங்கிட்டார்னா வாயில ஒரு சொட்டு ஊத்தக்கூடாது, மூச்சுக்குழாய்க்குப் போயிரும். ஆம்புலன்ஸுக்கு நான் சொல்றேன். நானும் சர்க்கரை பாக்கற மீட்டரை எடுத்துட்டு வரேன்."

மொத்தக் கூட்டத்தின் பையிலும் ஒரு மிட்டாய் இல்லை. சர்க்கரையைக் குறைக்க நடக்கிறவர்களின் பையில் மிட்டாய் எப்படி இருக்கும்? பெரிய ரோட்டு முனையில் பெட்ரோல் பங்க் ஒன்று இருந்தது. ஓடினேன். நானா ஓடினேன் என்று இன்றைக்கும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போய், "சர்க்கரை வியாதிக்காரர், மயக்கம் வருது, குடிக்க எதாவது குடும்மா" என்று கத்தினேன். கல்லாவில் இருந்த பெண் பதறிப்போய் ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு பாட்டிலை என் கையில் திணித்தாள். வாசல் வரை வந்த பிறகுதான் பாட்டிலைப் பார்த்தேன். சர்க்கரை சேர்க்காதது என்று பெரிதாகப் போட்டிருந்தது. பாவம், அவள் நல்லெண்ணத்தில்தான் தேடிக் கொடுத்திருந்தாள். திரும்ப உள்ளே ஓடி, அதை வீசிவிட்டு, நானே ஃபிரிட்ஜில் கையை விட்டு வேறு பாட்டிலை உருவிக்கொண்டு ஓடினேன். பின்னாலிருந்து அவள் ஏதோ சொன்னாள், காதில் விழவில்லை.

நான் வந்து சேரும்போது அவர் சுவரில் சாய்ந்து தரையில் சரிந்திருந்தார். கண் பாதி மூடியிருந்தது. பேசிக்கொண்டுதான் இருந்தார், ஆனால் சொற்கள் குழறின. டயர் கடைக்காரர் பாட்டிலை வாங்கி அவர் வாயருகே கொண்டுபோனார். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு தலையைத் திருப்பினார். பேக்கரிக்காரர் கெஞ்சினார், கையைப் பிடித்தார், காலைக்கூடத் தொட்டார். ஃபிரேம் கடைக்காரர் கையால் தட்டிவிட்டதில் கால்வாசி கீழே கொட்டிப்போனது. இன்னொரு தடவை தட்டிவிட்டால் திரும்ப ஓட நேரமில்லை என்பது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. உதடு வெளுத்துக்கொண்டு வந்தது.

"அவ வரட்டும். அவ வராம நான் குடிக்க மாட்டேன்" என்றார் அவர். பிறகு அண்ணியைப் பார்த்தார். அவளைத்தான் பார்த்தார், ஆனால் பார்த்தது அவளை இல்லை. "வந்துட்டியா? கோவமா இருக்கியா? ஏய், சொல்லு. கோவமா?"

யாரைக் கேட்கிறார் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அண்ணி விதவை, தெருவில் கடை வைத்துப் பிழைப்பவள். சுற்றி நின்றதோ தெரு முழுக்க. பக்கத்தில் நான், செத்துப்போன அவள் புருஷனின் தங்கை. அண்ணி ஒரு கணம் என்னைப் பார்த்தாள். என்ன கேட்டாள் என்று எனக்குத் தெரியும். நான் தலையைக் குனிந்துகொண்டு பாட்டிலை அவளிடம் நீட்டினேன்.

அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"கோவமெல்லாம் இல்லைங்க" என்றாள். "கோவம் இருந்தா வந்திருப்பேனா? வெறும் வயித்தோட எங்க கெளம்பிட்டீங்க? இந்தாங்க, குடிங்க."

அந்தக் குரலை நான் கேட்டு வருஷங்கள் ஆகிவிட்டன. அண்ணன் இருந்தபோது எங்கள் வீட்டில் கேட்ட குரல் அது.

அவர் வாயைத் திறந்தார். ஒரு வாய் குடித்தார். முழுங்குகிறாரா என்று அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். முழுங்கினார். "இன்னும் கொஞ்சங்க" என்றாள் அண்ணி. இன்னொரு வாய். "அப்படித்தான். மெதுவா." பாட்டில் காலியாகும்வரை அவள் அப்படியே பேசிக்கொண்டிருந்தாள், அவர் குழந்தை மாதிரி அவள் சொன்னபடி குடித்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். காப்பாற்றிவிட்டோமா, கோட்டைவிட்டோமா என்று தெரியாத அந்த நேரம் இருக்கிறதே, அது எதிரிக்கும் வரக்கூடாது. பேக்கரிக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதார்.

மருந்துக்கடைத் தம்பி ஸ்கூட்டரில் வந்து இறங்கி, விரலில் குத்திப் பார்த்தான். "ஏறுது. ஏறிட்டிருக்கு. நல்ல நேரத்துல குடுத்தீங்க" என்றான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவர் கண் திறந்துவிட்டார். முதலில் எங்கள் முகங்களைப் பார்த்தார், பிறகு தான் சாய்ந்திருக்கிற தோளைப் பார்த்தார். அலறிப் புடைத்துக்கொண்டு விலகி உட்கார்ந்தார்.

"நான் எதாவது தப்பா நடந்துக்கிட்டேனா?" என்று கேட்டார்.

அண்ணி புடவையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே எழுந்தாள். "ஒண்ணுமில்லண்ணே. தல சுத்திக் கீழ உக்காந்துட்டீங்க. அவ்வளவுதான்" என்றாள்.

அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு நான் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினேன். "இங்க நடந்தது இந்தச் சுவரைத் தாண்டக் கூடாது. எவர் வாயிலயாவது எங்க அண்ணி பேர் வந்துச்சு, நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்றேன். என் வாய்க்குத் தெருவில் ஒரு மரியாதை உண்டு. பேக்கரிக்காரர்தான் முதலில் தலையாட்டினார். அதற்குப் பிறகு அவர் நடைக்கு வந்ததே இல்லை. அடுப்பு எரிந்தாலும் எரியாவிட்டாலும் பக்கவாட்டுக் கதவில் நின்று, ஃபிரேம் கடைக்காரர் பன்னைக் கடித்து முழுங்கும்வரை பார்த்துக்கொண்டே இருப்பார். எங்கள் எல்லோர் மேல்சட்டைப் பையிலும் இப்போது மிட்டாய் இருக்கிறது, டயர் கடைச் செலவு.

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அடுத்த வாரம் ஒரு மத்தியானம் ஃபிரேம் கடைக்காரர் எங்கள் கடைக்குள் வந்தார். ஸ்க்ரீன் வாங்குகிறவர் இல்லை அவர். நான் உள்ளே மிஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். தொங்குகிற துணிகளுக்குப் பின்னால் நான் இருப்பது அவருக்குத் தெரியவில்லை. அண்ணி முன்னால் மேஜையில் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். அவர் மேஜையருகே வந்து நின்றார்.

"அன்னிக்கு அவ வந்தாம்மா" என்றார்.

அண்ணியின் கத்தரி நின்றது.

"எங்க வீட்டுக்காரி. கனவுன்னு டாக்டர் சொல்றார். எனக்குத் தெரியும், வந்தா. கோவம் இல்லன்னு சொன்னா. இத்தனை வருஷம் இந்த ஒண்ணுக்குத்தாம்மா..." முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

மிஷின் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டேன். அண்ணி உண்மையைச் சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. சொல்லாமல் விடுவாளோ என்றும் பயமாக இருந்தது. எது சரி என்று எனக்கு அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியாது.

"அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்ணே" என்றாள் அண்ணி.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். அவர் தெருவைத் தாண்டுகிறவரை காத்திருந்துவிட்டு நான் வெளியே வந்தேன்.

"என்ன அண்ணி இது? அது நீங்க சொன்னது. அந்தம்மா மனசுல என்ன இருந்துச்சோ, யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்" என்றாள் அவள். துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உங்க அண்ணன் போன அன்னிக்குக் காலையில எங்களுக்குள்ள பெரிய சண்டை. சாயங்காலம் அவர் போற வரைக்கும் ரெண்டு பேரும் பேசல. அவர் ஒரு தடவை கோவமான்னு கேட்டிருந்தா, நானும் அதத்தான் சொல்லியிருப்பேன்."

பிறகு துணியை மடித்து வைத்தாள். என் அண்ணனுக்காக யாரிடமும் சண்டைக்கு நிற்கிறவள் நான். அன்றைக்கு அவள் மடித்து வைத்த துணியை எடுத்துக்கொண்டு மிஷினுக்குப் போனேன்.